இரண்டு சுற்று கூடுதல்

இரண்டு ரகக் காட்டு டெய்சிப் பூவுக்கும் ஒரே வெள்ளை இதழ், ஒரே மஞ்சள் நடு. காம்பில் ரோமம் நிமிர்ந்து நின்றால் சாதா ரகம். படுத்திருந்தால் அரிய ரகம். தாவர ஆய்வு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக இந்த ரோமத்தைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போய்விட்டது.

அக்கா வீட்டை ஒட்டிய சரிவில் அரிய ரகம் இருப்பதாகப் போன வருடம் எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதனால்தான் சாலை போடுகிறவர்கள் கை வைக்காமல் நிற்கிறார்கள். இன்று மாலைக்குள் கடைசி அறிக்கை போகவேண்டும். சாதா ரகம் என்றால் சரிவும் போகும், அக்கா வீடும் போகும்.

காலையில் சரிவுக்குப் போய் நாலைந்து செடி பறித்தேன். வழக்கமாகக் காயவைத்த பிறகுதான் பார்ப்பேன்; இன்று அதற்கு நேரமில்லை. பச்சையாகவே லென்ஸ் வைத்துப் பார்த்தால் எல்லா ரோமமும் விறைத்துக்கொண்டு நிற்கிறது. தூக்கிவாரிப்போட்டது.

அலுவலகம் வந்து, போன வருடம் அதே இடத்தில் பறித்து, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிய செடியை எடுத்தேன். ரோமம் படுத்துத்தான் கிடந்தது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "நீங்க பலகைய இறுக்குற இறுக்குக்கு செடியே அப்பளமாயிடும். ரோமம் எம்மாத்திரம்?"

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் நான் காயவைத்த செடிகளில் பூஞ்சை பிடித்து, மேலதிகாரி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றிலிருந்து அழுத்துப் பலகையின் திருகை மற்றவர்களைவிட இரண்டு சுற்று கூடுதலாகவே திருகுவேன்.

அலமாரியைத் திறந்தேன். அரிய ரகம் என்று தனியே வைத்த நாற்பத்தொரு தாள். அழுத்தியவர் கையெழுத்து ஒவ்வொன்றின் மூலையிலும் இருக்கும். நாற்பத்தொன்றிலும் என் கையெழுத்து. வேறு யாருக்குமே அது கிடைத்ததில்லை. ராசியான கை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுச் செடியை யாரும் கேட்கவில்லை. பழைய தாளை வைத்தே அறிக்கையை அனுப்பியிருக்கலாம். அரை மணி நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தேன். ஒரே அலுப்பு. பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. சாதா ரகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன்.

"ரெண்டும் ஒரே செடிதான்க்கா. நான்தான் பலகைய ரொம்ப இறுக்கிட்டேன்."

அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

"அப்போ சாமான் கட்ட ஆரம்பிக்கட்டுமா?"

"ஆமாக்கா."

"சரி. மணி மூணாச்சே, நீ சாப்பிட்டியாடி?" என்றாள்.