இரண்டாயிரம் கொக்குகள்

குடவாசலுக்குக் கிழக்கே, பூவிழியின் குத்தகை வயலில், தவிட்டு எண்ணெய்க் கம்பெனியின் நூறு பங்குகள் கை மாறும்போதெல்லாம் ஒரு கொக்கு இறங்கியது. தை அறுவடைக்கு மறுவாரம் தொடங்கியது இது. பங்குச் சந்தை திறக்கும் காலை ஒன்பதே கால் மணிக்கு முதல் கொக்கு வரும். மூன்றரைக்குப் பிறகு ஒன்றுகூட இறங்காது. கம்பெனியின் மொத்தப் பங்கு இருபது லட்சம். அதில் பதினெட்டு லட்சம் முதலாளி குடும்பத்திடம் அசையாமல் கிடந்ததால், அவர்கள் தென்னந்தோப்பில் பதினெட்டாயிரம் கொக்குகள் மட்டையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தன. வெளியே புழங்கியது இரண்டு லட்சம். அந்த இரண்டாயிரம் கொக்குகள் வாய்க்கால் கரைக் கருவேல மரங்களில் இருந்தன. அந்த இரண்டு லட்சத்தில் பூவிழியும் இரண்டாயிரம் பங்கு வைத்திருந்தாள். அவளுடைய இருபது கொக்குகள் மட்டும் தனியாக ஒரு பூவரச மரத்தில்.

பூவிழி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். அவள் அப்பா கூலிக்கு நாற்று நட்ட அதே மூன்று மா நிலத்தைத்தான் இப்போது அவள் குத்தகைக்கு எடுத்திருந்தாள். நிலக்காரர் பஞ்சநதம், சித்திரை பிறப்பதற்குள் பணத்தைக் கட்டினால் அவளுக்கே எழுதித் தருவதாகவும், இல்லையென்றால் வேறு ஆள் இருப்பதாகவும் சொல்லியிருந்தார்.

மாசியில் எண்பது ரூபாய்ப் பங்கு இரண்டே வாரத்தில் இருநூற்றுப் பத்தானது. அவள் கணவன் தமிழ்மாறனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செல்போன் கடையைப் பூட்டிவிட்டு வயலுக்கே வந்துவிட்டான்.

“நெலத்துக்குச் சேத்த காசுலயும் இதையே வாங்கிப் போட்டுடுவோம், பூவிழி. நெலம் எங்க போயிடப் போவுது?”

“கொக்க எண்ணிப் பாருங்க,” என்றாள் அவள்.

எண்ணினான். வயலில் இறங்கியிருந்தது மூன்று.

“முந்நூறு பங்கு கை மாறுனதுக்கே இந்த வெலன்னா, எறங்கும்போதும் இப்படித்தாங்க எறங்கும். அன்னிக்கு நாம விக்கப் போனா வாங்க ஆளு இருக்காது.”

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் வாங்கவில்லை.

மறுநாளே விலை சரியத் தொடங்கியது. பூவிழி விற்பதற்குப் போட்டு வைத்தாள். ஒன்பது நாள் ஒரு கொக்குகூட இறங்கவில்லை. நாளுக்குப் பத்துப் பங்கு கை மாறியே விலை படிப்படியாக நூற்று முப்பதுக்கு வந்தது. மாத்திரை எண்ணிக் கொடுக்கும்போதெல்லாம் அவளுக்குப் பஞ்சநதத்தின் முகமே தெரிந்தது.

பங்குனி மூன்றாவது செவ்வாய்க்கிழமை, கம்பெனிக்குப் பெரிய ஏற்றுமதி ஆர்டர் கிடைத்த சேதி வந்தது. பத்து மணிக்குள் வயல் வெளுத்துவிட்டது. இறங்கிய கொக்கே எழுந்து மறுபடி இறங்கியது. இருப்பவை இரண்டாயிரத்துக்கு மேல் போகவில்லை. இறங்கியது மட்டும் ஆறாயிரம் தடவை. ஒரே பங்கு ஒரே நாளில் மூன்று கை பார்க்கிறது என்று பூவிழிக்கு விளங்கியது. நூற்று அறுபத்திரண்டுக்குப் போட்டாள். வாங்க ஆட்கள் இருந்தார்கள். அவள் போனைப் பைக்குள் வைப்பதற்குள் பூவரச மரத்து இருபதும் சிறகை விரித்து இறங்கிவிட்டன.

“போச்சா?” என்றான் தமிழ்மாறன்.

“போச்சுங்க!” என்று சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். சித்திரைக்கு நாலு நாள் முன்னால் குடவாசல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்தானது.

கொக்குகள் இன்றும் வருகின்றன. புது நாற்றை மிதித்துவிடும் என்பதால், நடவு இயந்திரம் வாடகைக்கு விடும் ஜாபிர், அவள் வயலுக்கு மட்டும் பங்குச் சந்தை விடுமுறைப் பட்டியலைப் பார்த்துத் தேதி கொடுக்கிறார். இந்தச் சம்பாவுக்குக் காந்தி ஜெயந்தி அமைந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் நடவு முடிந்தது.