வாடாத வாழை

கும்மிடிப்பூண்டியில் அந்த வால்வு கம்பெனியின் முதலாளிக்குச் சாமியைவிடச் சகுனத்தின் மேல் நம்பிக்கை அதிகம். போன ஆயுத பூஜையன்று அவர் கார் நுழைந்தபோது கேட்டில் கட்டிய வாழைகள் தலை தொங்கி நின்றன. கட்டிய கான்ட்ராக்ட் தொழிலாளியின் கேட் பாஸும் வேலையும் மறுநாளே போயின. இந்த வருஷம் அந்தப் பாக்கியம் பேக்கிங் செக்‌ஷன் வினோதாவுக்கு. அவளும் கான்ட்ராக்ட்தான்.

பத்து மணி வெயிலுக்கே இலைகள் மடங்கத் தொடங்கின. வேரை வெட்டியபின் கீழேயிருந்து தண்ணீர் ஏறுமா? இலையோ இருக்கிற தண்ணீரையும் ஆவியாக விட்டுக்கொண்டு ஜாலியாக ஆடிற்று. போவதை அடைப்பதுதானே கம்பெனியின் தொழில்? வால்வுப் பெட்டிகளைச் சுற்றும் பிளாஸ்டிக் பிலிமை எடுத்து வந்து, இலை இலையாக இறுக்கிச் சுற்றினாள்.

லோடர் பீட்டர் வேடிக்கை பார்த்தான். "இன்னாக்கா, வாழை எக்ஸ்போர்ட்டா?"

"மூடிக்கினு ஏணியப் புடி."

பிலிமுக்குள் முத்து முத்தாக நீர் கட்டியது. "பாத்தியா? இலை உட்ட தண்ணி. இனிமே எங்க போவும்?" என்றாள் பெருமையாக.

தண்ணீர் போகவில்லை. உச்சி வெயிலில் அதே தண்ணீரில் இலைகள் இட்லியாக வெந்தன. பிரித்தால் ஈரத் துணி.

"கொடியில காயப்போட்டதுன்னு சொல்லிக்கலாம்க்கா," என்றான் பீட்டர்.

சூப்பர்வைசர் முனிகிருஷ்ணன் போன் செய்தார். "மொதலாளி கவரைப்பேட்டை தாண்டிட்டாரு. இலை நல்லாகீதா?"

வினோதா போனை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். எல்லா இலைகளையும் அறுத்துக் கேன்டீனுக்குச் சுமந்தாள். அங்கே சமையல்காரி கனகாம்பாள் பொங்கல் பொட்டலம் கட்ட, இலைகளை ஒவ்வொன்றாக அடுப்பில் வாட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தாக்கா, வாட்டியாச்சு."

கார் வந்தது. கேட்டில் குலையும் பூவுமாக இரண்டு மொட்டை மரங்கள் விறைப்பாக நின்றன. இலை இல்லாத மரத்துக்கு வேர்க்க வழியில்லையே. முதலாளி இறங்கித் தண்டைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த வருஷம் வாடலையே."

"என் மேற்பார்வை சார்," என்றார் முனிகிருஷ்ணன்.

"இலை எங்க?"

"வினோதாதான் சார் கட்டுச்சு."

"பிரசாதத்துக்குப் போச்சு சார்," என்றாள் வினோதா. "இங்க இருந்தா வெயிலுக்குத்தான் போவும்."

அந்த இலையில் கட்டி அவள் நீட்டிய பொங்கல் பொட்டலத்தை முதலாளி கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அடுத்த வருஷமும் இந்தப் பொண்ணே கட்டட்டும்."

கேட் பாஸ் பிழைத்தது. பீட்டர் காதோரம் வந்தான். "அடுத்த வருசத்துக்கு எத்தினி பிலிம் ரோல் வோணும்க்கா?"

வாய் நிறையப் பொங்கலோடு வினோதா சொன்னாள்: "கத்தி போதும்."