எந்த வயிறு

அந்த வீட்டில் வயிற்றுவலி என்றால் வயிற்றுவலி இல்லை. நிஜமாகவே யாருக்காவது வயிறு வலித்தால் அதைச் சொல்ல வேறு வார்த்தை தேட வேண்டியிருந்தது. இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்தவர் மூத்தவர், அதாவது ஜாம் என்று எல்லோரும் கூப்பிடுகிறவனின் அண்ணன். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் செய்கிற சில காரியங்களை நினைத்தால்தான் நமக்கு வயிறு எரிகிறது.

ஜாம் நகலெடுக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். மெஷினுக்குள் பேப்பர் சிக்கிக்கொண்டால் ஜாம் ஆகிவிட்டது என்பார்கள். எந்த ஆபீஸில் ஜாம் ஆனாலும் இவன்தான் பையைத் தூக்கிக்கொண்டு வருவான். "ஜாம் ஆயிடுச்சு, ஜாமைக் கூப்பிடு" என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மெஷினோடு பேசிக்கொண்டே வேலை செய்வான். "என்னம்மா, காலையிலேயே எதைத் தின்னே, முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல" என்று அவன் அதன் கதவைத் திறக்கும்போது நாலு பேராவது சுற்றி நின்று சிரிப்பார்கள்.

அப்படிச் சிரித்தவர்களில் ஒருத்தியைத்தான் அவன் கல்யாணம் செய்துகொண்டான். அவளுக்குத் தண்ணீர் வாரியத்தில் புகார் வாங்கும் வேலை. காதில் மாட்டிய கருவியோடு நாள் முழுக்க உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது என்று சொல்கிறவர்களுக்கு, அவர்கள் சொன்னதையே ஒரு முறை திருப்பிச் சொல்லி, "பதிவு பண்ணியாச்சு" என்று முடிக்க வேண்டும். வீட்டில் அவளுக்கு அவன் வைத்த பெயர் புகாரு. தண்ணீர் வருகிறதோ இல்லையோ, நீ பதிவு பண்ணியாச்சு என்று சொன்னாலே ஜனங்களுக்குப் பாதி தாகம் அடங்கிவிடும் என்று கிண்டல் செய்வான்.

போன வருஷம் கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜாம் மிச்சமிருந்த பாதியில் இருந்தான். அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். போனவர்களுடைய வேலையெல்லாம் இருந்தவர்கள் தலையில் வந்து விழுந்தது. அவனுக்கு முதலில் தூக்கம் போனது. பிறகு பேச்சு போனது. பிறகு ஒரு நாள், ஒரு வக்கீல் ஆபீஸில், மெஷினின் கதவைத் திறந்து வைத்து அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தவன், ஆபீஸ் மூடுகிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. பெரிய ரிப்பேர் போலிருக்கிறது என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். பக்கத்தில் வைத்த டீ அப்படியே ஆடை படிந்து கிடந்ததை, கூட்டிப் பெருக்க வந்த அம்மாதான் கவனித்தாள். அவள் தோளைத் தொட்டதும் அவன் அழ ஆரம்பித்திருக்கிறான். ஏன் என்று கேட்டதற்கு அவனுக்குத் தெரியவில்லை.

மூத்தவர் அதே கம்பெனியில் கணக்குப் பிரிவில் பெரிய ஆள். தம்பியை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். சேதி காதில் விழுந்த அன்றே வந்துவிட்டார். வந்து, கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தி, மின்விசிறியைக் கூடுதலாக வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"மறை கழண்டுடுச்சுன்னு ஒரு தடவை பேர் வந்தா அவ்வளவுதான். மறை கழண்டவன் கையில எவனாவது ஸ்க்ரூ டிரைவரைக் கொடுப்பானா? வயித்து வலின்னு சொல்லுங்க. அல்சர்னு சொல்லுங்க. வயிறு எல்லாருக்கும் இருக்கு, யாரும் சிரிக்க மாட்டாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அப்போது அவளுக்கும் பட்டது. அடுத்த கட்ட ஆள்குறைப்பு வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். புருஷனுக்கு மனசு சரியில்லை என்று சொல்லி வேலையையும் பறிகொடுக்க எந்தப் பெண்டாட்டிக்குத் துணிச்சல் வரும்?

ஊரின் மறுகோடியில், தெரிந்தவர்கள் யாரும் வராத இடமாகப் பார்த்து ஒரு டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மாள் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அதை மறைக்காமல் உடனே மனைவியிடம் சொல்ல வேண்டும், அவள் உடனே கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, அந்த வார்த்தை தன் வாயில் வராது என்றான். அது வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையா என்றான்.

"அப்ப வேற வார்த்தை வெச்சுக்கலாம். வயிறு தாங்க முடியலன்னு சொல்லுங்க. எங்க இருந்தாலும் சரி, யார் இருந்தாலும் சரி, அது காதுல விழுந்த நிமிஷம் எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவேன்."

"பதிவு பண்ணியாச்சா?"

"பதிவு பண்ணியாச்சு."

பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வார்த்தை ஒரு முறை வேலை செய்யவும் செய்தது. ஒரு மத்தியானம் அவளுடைய ஆபீஸுக்குப் போன் செய்து வயிறு தாங்க முடியவில்லை என்றான். அவள் காதுக் கருவியைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு, மறுமுனையில் எவரோ தண்ணீர் தண்ணீர் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே ஓடினாள். வீட்டுக்குப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தான். பிறகு டாக்டரிடம் போனார்கள். அன்றைக்கு அவன் பிழைத்தான். மறுநாள் அவளுடைய மேலதிகாரி வீட்டில் என்ன விஷயம் என்று கேட்டதற்கு, அவருக்கு வயிற்றுவலி என்றாள்.

ஆனால் பொய்க்கு வீட்டுக்குள் அடங்கி உட்காரத் தெரியாது. கம்பெனியில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் காரத்தை நிறுத்தச் சொன்னார், ஒருவர் புளியை நிறுத்தச் சொன்னார், ஒருவர் வெறும் வயிற்றில் வெந்நீர் குடித்துவிட்டுக் குதிக்கச் சொன்னார். மூத்தவரின் மனைவி, தான் படித்த பத்திரிகைத் துணுக்குகளையெல்லாம் வெட்டி அனுப்பினாள். மனசுக்கான மாத்திரைகள் அல்சர் மாத்திரை டப்பாவுக்குக் குடிபெயர்ந்தன. எல்லோரும் அக்கறையாகத்தான் விசாரித்தார்கள், ஆனால் வயிற்றை விசாரித்தார்கள். "என் வயித்துக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல, புகாரு" என்று ஒரு நாள் சொன்னான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்பது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. மனசுக்கான அந்த மாத்திரைகள் அவன் வயிற்றை நிஜமாகவே புண்ணாக்கின. சாப்பிட்டால் எரிந்தது, சாப்பிடாவிட்டாலும் எரிந்தது. இப்போது அவன் வயிறு வலிக்கிறது என்றால் அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அதனால் அவள் "எந்த வயிறு?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள். மேல் வயிறு என்று அவன் நெற்றியைத் தொட்டால் பக்கத்திலேயே இருப்பாள். கீழ் வயிறு என்றால் பால் கொடுப்பாள். தனியாக இருக்கும்வரை இதில் குழப்பம் ஏதும் இல்லை.

இரண்டாவது குறைப்பு வந்தது. இந்த முறை பட்டியலைத் தயார் செய்கிறவர் வட்டார மேலாளர். மூத்தவர் தலைகீழாக நின்று அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜாமின் வீட்டுக்கு அழைத்து வந்தார். தம்பிக்கு வயிறு பூரணமாகக் குணமாகிவிட்டது, இப்போது கல்லைத் தின்றாலும் ஜீரணம் என்று அவரிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தார். முந்தின நாள் போன் செய்து, சாப்பாட்டில் காரம் தூக்கலாகவே இருக்கட்டும், அவர் கண் முன்னால் இவன் நன்றாக வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று அவளிடம் சொன்னார். நாளைக்கு ஒரு நாள் மட்டும் வயிறு என்ற பேச்சே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

மேலாளர் கலகலப்பான ஆள். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஜன்னல் பெரிதாக இருக்கிறது என்று பாராட்டினார். ஜாம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். வைத்ததையெல்லாம் சாப்பிட்டான். மூத்தவரின் முகம் நேரம் ஆக ஆக மலர்ந்துகொண்டே வந்தது. மேலாளர் ஏதோ ஒரு பழைய மெஷினைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜாம் சோற்றுக் கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான்.

"வயிறு தாங்க முடியல."

கதை பாதியில் நின்றது. அவள் கையில் சாதக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மூத்தவர் அவனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. மிரட்டியிருந்தால் ஒருவேளை அவள் மீறியிருப்பாள். எந்த வயிறு என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. மேலாளர் முன்னால் அதை எப்படிக் கேட்பது? மேலாளர் சிரித்துக்கொண்டே, தங்கச்சி காரத்தைக் கொஞ்சம் அள்ளிப் போட்டுவிட்டது போலிருக்கிறதே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜாம் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தமாக இருந்த இடது கையை எடுத்து நெற்றியில் வைத்தான், வியர்வையைத் துடைக்கிற மாதிரி.

அவளுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஒரு முறைகூட நம்ப முடியவில்லை. புரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தானே, இவர்கள் கிளம்பட்டும், வேலை தப்பட்டும், அப்புறம் மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

"காரம்தான். பால் தரேன், குடிங்க, சரியாயிடும்."

ஜாம் கண்ணை எடுத்துவிட்டான். அவள் கொண்டுவந்த பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, ஜாம் கிளியர் ஆயிடுச்சு சார் என்றான். மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த மாதிரி ஆள்தான் கம்பெனிக்கு வேண்டும் என்று மூத்தவரிடம் சொன்னார். மூத்தவரின் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவள் பழம் நறுக்க உள்ளே போனாள். தட்டோடு திரும்பி வந்தபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது. ஒரு ஆபீஸில் மெஷின் அவசரமாம், பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகூட என்ன பொறுப்பு பாருங்கள் என்றார் மூத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீஸும் திறந்திருக்காது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் பழத்தட்டை மேலாளர் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொரு துண்டாக ரசித்துச் சாப்பிட்டார். அவர் கை கழுவி, செருப்பு மாட்டி, தெருமுனை தாண்டிய பிறகுதான் அவள் ஓடினாள். பஸ் நிறுத்தத்துக்குத்தான் முதலில் ஓடினாள். அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்குப் போன் செய்தாள், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனியிலிருந்து, ஜாமின் வேலைக்குப் பாதகம் இல்லை என்று மூத்தவருக்குச் சேதி வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போலீஸிலிருந்து கூப்பிட்டு, அடையாளம் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். அவள் போய்ப் பார்த்தாள். அவன்தான். இஸ்திரி போட்ட அதே சட்டை.

ஸ்டேஷனில் வயசான போலீஸ்காரர் ஒருவர் விவரம் எழுதினார். முரட்டு ஆள் இல்லை. அவளை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். காரணம் என்ன என்றதும் மூத்தவர் முந்திக்கொண்டார். அவர் குரல் அழுது அழுது கரகரத்துப் போயிருந்தது. அப்போதும் அவர் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"தீராத வயித்து வலிங்க. ரொம்ப நாளா அல்சர்."

போலீஸ்காரர் தலையாட்டினார். இப்படி எழுதுவது அவருக்குப் புதிதல்ல. இந்த ஊரில் மனசு வலித்துச் செத்தவன் ஒருவன்கூட அவர் எழுதியதில் இருக்க மாட்டான், எல்லோரும் வயிறு வலித்துத்தான் செத்திருப்பார்கள். இருந்தாலும் முறைக்கு மனைவியையும் கேட்க வேண்டுமே என்று அவள் பக்கம் திரும்பினார்.

"அப்படித்தானாம்மா? வலிக்குதுன்னு சொல்லிட்டிருந்தாரா?"

மூத்தவர் நேற்றைப் போலவே அவளைப் பார்த்தார். இன்றைக்கு அவர் அப்படிப் பார்க்கத் தேவையே இல்லை. இல்லை என்று சொல்ல அவளிடம் வேறு வார்த்தை இருந்தால்தானே. இருந்த ஒரே வார்த்தையையும் அவன் சரியாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"சொன்னாரு. தாங்க முடியலன்னு சொன்னாரு."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"



"பால் கொடுத்தேன்" என்றாள்.