முதலில் எடுக்கச் சொன்னவன்

1

இந்தக் கதை என் மனதில் தானாக முளைத்ததல்ல. ஒரு சபைப் பத்திரிகையின் ஆசிரியை தொலைபேசியில் கேட்டது. "பொறுப்புல இருக்கிறவங்க நியாயமாவும் தாராளமாவும் நடந்துக்கணும்னு வேதத்துலேர்ந்து எடுத்து ஒரு கதை எழுதிக் குடுங்க. படிச்சா மனசு நிறையணும்," என்றார். மனசு நிறைகிற கதை எனக்கு வராது. ஒருவன் தாராளமாகக் கையை நீட்டினால், மறு கையில் என்ன வைத்திருக்கிறான் என்று எட்டிப் பார்க்கிற ஜென்மம் நான். இருந்தும் வாய் தவறிச் சரி என்று சொல்லிவிட்டேன்.

எடுத்துக்கொண்டது ஆபிராம் கதை. மந்தைகள் பெருகி, இடம் போதாமல் மேய்ப்பர்கள் சண்டை போடுகிறார்கள். பெரியவரான ஆபிராம் தம்பி மகன் லோத்தை

(தவறு. அண்ணன் தம்பி முறையில் யார் மூத்தவர் என்று எனக்கு எப்போதும் குழப்பம். சகோதரன் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

லோத்தை அழைத்து, உனக்குப் பிடித்த பக்கத்தை நீ எடுத்துக்கொள், மற்றது எனக்கு என்கிறார். லோத்து நீர்வளமுள்ள பச்சைப் பக்கத்தை எடுக்கிறான். சோதோம் என்ற பாவ நகரம் அந்தப் பக்கம்தான் இருந்தது. பிறகு அது எரிந்தது. பிரசங்கத்தில் ஆபிராமின் பெருந்தன்மையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு மட்டும் ஒரு நமைச்சல்: பெரியவருக்கு முன்பே ஏதாவது தெரிந்திருக்குமோ?

2

தொடக்கம், முதல் முயற்சி: "நல்ல அண்ணன் ஒருவன் இருந்"

(வேண்டாம். "நல்ல" என்று எழுதியதுமே பேனா விக்குகிறது.)

இரண்டாவது: "அடுப்பின் அனலில் இரு சகோதரர்களின் உள்ளங்களும்"

(இதை எழுதிய கையைக் கழுவிவிட்டு வந்தேன்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து இரண்டு ரொட்டிக்கடைகள். ஒன்று கடைத்தெரு முனையில், கண்ணாடி முகப்போடு. மற்றது சந்துக்குள், செங்கல் அடுப்போடு. அப்பா போனபிறகு அண்ணன் வைத்ததுதான் சட்டம். யாருக்கு எப்போது விடுப்பு, எந்த மாவு வாங்குவது, தம்பிக்கு எந்தப் பெண், எல்லாம் அவன் முடிவு. தம்பி தலையாட்டியே பழகியவன்.

இரண்டு கடைக்கும் மாவு பிசையும் இயந்திரம் ஒன்றே. அது சந்துக்கடையில் இருந்தது. யார் முதலில் பிசைவது என்று ஆட்களுக்குள் தினமும் தகராறு. ஒருநாள் அது கைகலப்பில் முடிந்து, பிசைந்த மாவு தரையில் கிடந்தது. அன்று மாலை அண்ணன் தம்பியை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனான்.

"நமக்குள்ள சண்டை வேண்டாம்டா. பிரிச்சுக்கலாம். எந்தக் கடை வேணுமோ நீ முதல்ல எடு. மிச்சம் எனக்கு. மிஷின் இல்லாத கடைக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்."

"ஆளுங்க?"

"அவங்க யார்கூட வேலை செய்யணும்னு நினைக்கிறாங்களோ, அவங்ககூட இருக்கட்டும்."

தம்பிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சந்தேகம்தான் வந்தது.

3

"உங்க அண்ணன் சும்மா குடுக்கிற ஆளா?" என்றாள் தம்பியின் மனைவி. "எதுக்கும் நல்லா விசாரிங்க."

அவனுக்கும் லோத்து கதை தெரியும். சின்ன வயதில் சபையின் ஞாயிறு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து அதையே கேட்டவன் அண்ணன். ஆகவே பளபளப்பாக இருக்கும் முனைக்கடைதான் சோதோம், தொடக்கூடாது. ஆனால் தம்பி அப்படித்தான் நினைப்பான் என்று அண்ணனுக்குத் தெரியாதா? அப்படியானால் சந்துக்கடையில்தான் ஏதோ வில்லங்கம். தம்பி சாப்பாட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

(அவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உங்களுக்கு யாராவது "நீங்களே முதல்ல எடுங்க" என்றால் நீங்களும் பெட்டியைக் குலுக்கித்தான் பார்ப்பீர்கள்.)

அண்ணனுக்குச் சொல்லாமல் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தான். கொத்தனார் சந்துக்கடையில் ஏணி போட்டு ஏறி, சுவரைச் சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். ஏணி ஆடியது. யாரோ வந்து அதைப் பிடித்தார்கள். தம்பி திரும்பிப் பார்த்தால் அண்ணன்.

"தரை மேடு பள்ளம். நீ அந்தப் பக்கம் புடிச்சுக்கோ," என்றான் அண்ணன். வேறு எதுவும் கேட்கவில்லை. தம்பிக்கு அவமானத்தில் உயிரே போயிற்று. இரண்டு நிமிடம்தான். பிறகு, ஏன் ஒன்றுமே கேட்கவில்லை என்று அதையும் சந்தேகப்பட்டான்.

முனைக்கடையையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கொத்தனார் சொன்னார்: "ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு தம்பி. நீங்கதான் கொஞ்சம் ஆடிப்போய் இருக்கீங்க."

4

இங்கே நான் மூன்று நாள் எழுதவில்லை. ஏணியைப் பிடிக்கிற அண்ணனை நான்தான் எழுதினேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒருவேளை அவன் உண்மையிலேயே

(நல்லவன் என்று எழுத வந்தேன். முடியவில்லை.)

நான்காம் நாள் பொறி தட்டியது, எனக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில். வில்லங்கம் சுவரில் இல்லை. "ஆளுங்க யார்கூட வேணுமோ இருக்கட்டும்." கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இத்தனை காலம் ஆட்களோடு பேசியவன் அண்ணன். விடுப்பு கொடுத்தவன், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டவன் அண்ணன். மொத்தப் பேரும் அவன் பின்னால் போவார்கள். தம்பிக்குக் கிடைப்பது நாலு சுவரும் ஒரு கூரையும்.

5

தம்பி கிளம்பிப் போனான். அண்ணன் சந்துக்கடையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடையில் மாவு பிசையும் வேலை பார்க்கிற அக்கா உள்ளே இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முடிவு பண்ணிட்டேன். ரெண்டு கடையும் நீயே வச்சுக்கோ. ஆளுங்களை நான் எடுத்துக்கறேன்."

அண்ணனின் கை நின்றது. முகத்தில் எப்போதும் இருக்கும் அந்தப் பொறுமை முதன்முதலாகக் கலைந்தது. தம்பி அதைப் பார்த்தான். ஜெயித்துவிட்ட மாதிரியும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது.

"அவங்களைக் கேட்டியா?" என்றான் அண்ணன்.

"நீ கேட்டியா?"

பத்திரிகைக்கு நான் யோசித்து வைத்த முடிவுகள்: அண்ணன் தம்பியைக் கட்டிக்கொள்கிறான். அல்லது, சரி என்று சிரித்துக்கொண்டே சாவிகளைப் பையில் போடுகிறான். முதல் முடிவு ஆசிரியைக்குப் பிடிக்கும், இரண்டாவது எனக்குப் பிடிக்கும். இரண்டையும் அடித்துவிட்டேன். அண்ணன் கேட்டது நியாயத்துக்காகவா, பயத்தினாலா என்று அவன் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆபிராம் பேசினார். லோத்து பச்சைப் பக்கத்தைப் பார்த்தான். சண்டை போட்ட மேய்ப்பர்கள் அங்கே ஒரு வார்த்தை பேசியதாக நான் படித்ததில்லை. பெருந்தன்மை, சூழ்ச்சி என்று நானும் இவ்வளவு நேரம் இரண்டு முதலாளிகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

உள்ளே கழுவுகிற சத்தம் நின்றது. அக்கா கையைத் துணியில் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். இவ்வளவையும் கேட்டிருக்கிறார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் தட்டைக் கீழே வைத்தான். தம்பி ஒதுங்கி வழிவிட்டான்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார்.

இதற்குமேல் அவர் பேசுவதை எழுத எனக்கு உரிமை இல்லை. கடை வைத்திருக்கிற நீங்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், நாளைக் காலை உங்கள் ஆட்களைக் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதை இங்கே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.