ஈவினிங் கிளப்பின் முதலாம் விதி

சைரன் ஊளையிட்டது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு, ஈஸ்டர் ஞாயிறு காலை. கொழும்பு, கொட்டாஞ்சேனை ஈவினிங் கிளப்பில் வருடாந்தக் கூட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. துறைமுகப் பக்கம் குண்டொன்று விழ, மேசையிலிருந்த சோடாப் போத்தல்கள் கிணுகிணுத்தன.

செயலாளர் சிவானந்தனுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். சப்பான்காரன் இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் அவர் தலைவராகியிருப்பார். பதவி விலகும் ராஜநாயகம் யாரைக் கைகாட்டுகிறாரோ அவரே அடுத்த தலைவர். அது கிளப்பின் சம்பிரதாயம்.

சம்பிரதாயங்களுக்கு அங்கே பஞ்சமில்லை. கழுத்துப்பட்டி இல்லாமல் சீட்டு மேசையில் உட்காரக் கூடாது. ஸ்தாபகர் படத்துக்கு முதுகு காட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே முதலாம் விதி: பெண்கள் வாசற்படி தாண்டக் கூடாது. அநாதை மடத்துக்கு உதவி கேட்டு வந்த கன்னியாஸ்திரிகளுக்கே கேற்றில் வைத்துத்தான் கொடுத்தனுப்பினார்கள்.

போன மாதம் கதிரை இடுக்கில் ஒரு கொண்டையூசி கிடந்தபோது சிவானந்தன் பதறிப்போனார்.

"காக்கா கொண்டாந்து போட்டிருக்குங்க ஐயா," என்றான் கிளப் வேலையாள் அழகுமுத்து. அங்கத்தவர்கள் கந்தோர் வேலைக்குப் போய்விட்டால், பகல் முழுவதும் சாவியோடு அங்கே இருப்பவன் அவன் ஒருவன்தான். அதற்குமேல் யாரைக் கேட்பது?

இப்போது கதவு தடதடத்தது.

"இஞ்சேருங்கோ! கதவைத் திறவுங்கோ!"

சிவானந்தனின் மனைவி. அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் எல்லோருடைய குரலும் கேட்டது. அந்தத் தெருவில் கனத்த கற்சுவர் உள்ள கட்டடம் கிளப் ஒன்றுதான்.

"சிவானந்தன்!" ராஜநாயகம் மேசைக்கு அடியிலிருந்தபடியே அதிகாரம் பண்ணினார். "விதி விதிதான். திறந்தீரெண்டால் தலைவர் பதவியை மறந்திடும்."

"குண்டு விழுகுது ஐயா!"

"குண்டு இண்டைக்கு விழும், நாளைக்கு நிண்டிடும். முப்பது வருஷமாக் காத்த விதி, காணும்!"

அடுத்த குண்டுக்குச் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. சிவானந்தன் ஸ்தாபகர் படத்தை அண்ணாந்து பார்த்தார். அவர் உதவுகிற மாதிரித் தெரியவில்லை. படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை இழுத்தார்.

பெண்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். கடைசியாக வேர்த்து விறுவிறுத்து நுழைந்தவர் ராஜநாயகத்தின் மனைவி நேசம். அழகுமுத்து மெல்லத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

ராஜநாயகம் மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். "நேசம், நீருமோ? சிவானந்தன், இந்தக் கூட்டத்திலேயே உம்மைக் கிளப்பால விலக்கிறன். ஒரு பொம்பிளையின்ர காலடி படாத இடமையா இது!"

நேசம் கணவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சன்னல்களில் கறுப்புத் துணி தொங்கிய அந்த அரையிருட்டில், ஒரு கதிரையிலும் இடறாமல் நேரே மூலைச் சீட்டு மேசைக்கு நடந்தார். பிரம்புக் கதிரையின் ஆடும் காலைப் பாதத்தால் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பிறகு தூண் பக்கம் பார்த்துக் கேட்டார்:

"அழகுமுத்து, புதன்கிழமை நாங்கள் பாதியில விட்ட ஆட்டத்தை ஒருத்தரும் கலைக்கேல்லைத்தானே?"