பேசவிடாத விரல்கள்

கதிரவன் மேற்கே சாய்ந்து சிராங்கூன் சாலையின் மாட்டுக் கொட்டில்கள்மேல் செவ்வொளி பரப்ப, நீராடிய எருமைகள் சேறு சொட்டக் கரையேற, சுண்ணாம்புச் சூளைப் புகையும் மல்லிகை மணமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தெருவெங்கும் உலாவிய மாலைப்பொழுது அது. அவ்வேளையில், சுளுக்கும் பிடிப்பும் நீவுவதில் நகரெங்கும் பேர்பெற்ற முத்தாயியின் வாயிலை நாடி, இடுப்பைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள் துணி வணிகர் அஸ்மத்தின் மனைவி பதுருன்னிசா. மணமாகி ஏழாண்டு வெறுமையாய்க் கிடந்த அவள் வயிற்றில் அப்போதுதான் ஓர் உயிர் குடியேறியிருந்தது. கணவனன்றி வேறெவரும் அதை அறியார்.

முத்தாயிக்கோ ஒரு செருக்கு உண்டு, படிப்போரே! வந்தவரிடம் வாய்விட்டுக் கேட்பது கைத்திறன் இல்லாதார் வேலை என்பது அவள் எண்ணம். தொட்டதுமே நோவைச் சொல்லிவிடுவாள் என்று ஊரும் மெச்சி மெச்சி அச்செருக்கை வளர்த்துவிட்டிருந்தது.

"அக்கா, நீவறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்..." என்று நாணத்தால் முகம் சிவக்கத் தொடங்கினாள் பதுருன்னிசா.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் கண்ணு. பேசாமப் படு. என் வெரலுக்குத் தெரியாததா?"

தெரிந்திருக்கும் என்றே நம்பினாள் அப்பேதை. கூசிய சொல்லைச் சொல்லாமலே ஒருத்தி அறிந்துகொண்டாளே என்று மகிழ்ந்தும் போனாள். முத்தாயியின் கைகள் சூடான எண்ணெயில் தோய்ந்து, இடுப்பை வளைத்து, அடிவயிற்றையும் அழுத்தி நீவின. ஐயோ, எத்துணை வலிமை வாய்ந்த கைகள்!

மறுநாள் உச்சிப்பொழுதில் குருதியோடு அவ்வுயிர் கழிந்துபோயிற்று.

செய்தி கேட்டு ஓடிவந்த முத்தாயி, பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவளின் காலடியில் விழுந்து கதறினாள்.

"பாவி நான்! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?"

"வெரலுக்குத் தெரியும்னீங்களேக்கா... அதான் நம்பிட்டேன்."

அக்குரலில் சினமே இல்லை. சினந்து ஏசியிருந்தாலாவது முத்தாயி தாங்கியிருப்பாள்.

அன்றுதொட்டு, வந்தவர் தம் நோவையெல்லாம் சொல்லி முடிக்குமட்டும் கைகளை மடியில் வைத்துக் காத்திருந்து, அதன் பின்னரே எண்ணெயைத் தொட்டாள் முத்தாயி. கைத்திறன் போயிற்று என்று ஊர் பேசியது, பேசட்டும் என்றிருந்தாள். "வேற ஏதாச்சும் சொல்லணுமா கண்ணு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள், மீண்டும் கேட்டாள். எத்தனை பேர் எவ்வளவு சொன்னாலும், அன்று அவள் கேளாதுவிட்ட அந்த ஒரு சொல்லை மட்டும் இனி எவரும் வந்து சொல்லப்போவதில்லை.