உள்பக்கத் தாழ்ப்பாள்

கடைசி மணி அடித்ததும் தையல் கூடத்துப் பெண்கள் செருப்பைத் தேடி முண்டியடித்தார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. வழக்கமாக அவள்தான் முதலில் எழுவாள். கத்தரிக்கோலை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு, அவர் தலையசைக்கும்வரை ஓரமாக நிற்பாள். சிறையில் அப்படித்தான், கத்தரிக்கோல்களை எண்ணி முடிக்காமல் ஒருத்தியும் நகர முடியாது. விடுதலையாகி மாதங்கள் ஆகியும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முதலாளிக்கோ அது ரொம்பவே பிடித்திருந்தது.

இன்று சம்பள நாள். அவளுடைய கவரை முதலாளி வாசலில் நின்ற அவள் அண்ணனிடம் கொடுத்ததைப் பார்த்துவிட்டாள். வேலையில் சேர்த்துவிட்டவன் அவன், அதனால் பணமும் அவன் கையில்தான் என்று இருவரும் முதல் நாளே பேசி முடித்திருந்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. அடுத்த தெருவில் அவள் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். கட்டில் போட்டால் நிற்க இடமில்லை. ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. இன்றைக்குள் முன்பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குத்தான் என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

"என்னம்மா, கெளம்பலையா?"

"என் சம்பளம் இன்னும் வரல சார்."

"அதான் உங்க அண்ணன்கிட்ட குடுத்துட்டேனே."

"தைச்சது அவனா?"

முதலாளியின் பார்வை அவள் கையிலிருந்த கத்தரிக்கோலுக்குப் போனது. "மொதல்ல அதக் கீழ வை," என்றார். குரல் பிசிறியது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை நாளும் இந்தப் பயத்தோடுதான் தலையசைத்தாரா இந்த மனுஷன்? மடியில் கிடந்த சட்டையின் காலரில் நீட்டிக்கொண்டிருந்த நூலை நறுக்கென்று வெட்டினாள்.

அண்ணன் உள்ளே தலையை நீட்டினான். "ஏய், மானத்த வாங்காத. மூணு வேளையும் சோறு போடுறேன்ல?"

"அங்கயும் போட்டாங்கண்ணா."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. வெளியே போய் நின்றுகொண்டான்.

முதலாளி சாவிக்கொத்தை ஆட்டினார். "பூட்டணும். எந்திரி."

"பூட்டிக்குங்க சார். பூட்டின கதவுக்குள்ள படுத்து எனக்குப் பழக்கம்தான். காலைல எல்லாரும் வருவாங்க. ஏன் உள்ள இருக்கேன்னு கேப்பாங்க. சொல்றேன்."

அவர் ஷட்டரைப் பிடித்து இழுத்தார். பாதியில் அவர் கை நின்றது. அவள் மெஷினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஷட்டருக்குக் கீழே அண்ணனின் கால்கள் தெரிந்தன. அவளுடைய போன மாதச் சம்பளத்தில் வாங்கிய புது ஷூ பொறுமையில்லாமல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.